முயல் வேட்டைக்கு .22 ரைஃபிள்ல எந்தத் தோட்டா போடறது நல்லது?

புதுசா, கையால போல்ட்டை இழுத்து ஒவ்வொரு தோட்டாவா ஏத்தற ஒரு போல்ட் ஆக்‌ஷன் .22 வாங்கியிருக்கேன், கடைல விதவிதமா டப்பா அடுக்கி வச்சிருக்காங்க, முயலுக்கு எது பெஸ்ட்னு கேட்டிருக்கீங்க. கீழ ஆளாளுக்கு ஒரு பிராண்டு பேரை ஒத்தை வரில போட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்கவங்க துப்பாக்கில அது நல்லாதான் போயிருக்கும். ஆனா உங்க துப்பாக்கிக்கு எது சேரும்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது, சுட்டுப் பார்த்தாதான் தெரியும். அதனாலதான் நீளமா எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் இருக்கறது நியூசிலாந்து, தெற்குத் தீவுல சென்ட்ரல் ஒட்டாகோ. இங்க முயல் சொந்த மிருகம் கிடையாது, 1830கள்ல இருந்து வெள்ளைக்காரங்க கொண்டுவந்து விட்டது, இப்ப புல்லை ஒட்ட மேஞ்சு மண்ணை வெறுமையா ஆக்கிடுது. 1997ல விவசாயிங்க பொறுக்க முடியாம சட்டத்தை மீறி முயலைக் கொல்ற வைரஸ் கொண்டுவந்து பரப்பினாங்க, 2018ல கவர்மெண்ட் அனுமதியோடவே அதுல வேற ரகம் விட்டாங்க, இன்னும் முயல் இருக்கு. அதனால "பாவம், உயிரைக் கொல்றீங்களே"ன்னு வர்றவங்க ஒரு தடவை இந்தப் பக்கம் மலைச்சரிவுல நின்னு பார்த்துட்டு வாங்க. இந்தியால இருந்து படிக்கறவங்களுக்கு, அங்க 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குத்தம், நான் எழுதறது லைசென்ஸ் வச்சிருக்கற, முயல் சுட அனுமதி இருக்கற ஊர்க்காரங்களுக்கு மட்டும்.

சரி, விஷயத்துக்கு வரேன். என்கிட்ட இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சிஇசட் 455ங்கற .22 ரைஃபிள். நான் சுடப்போற பண்ணையோட ஓனர், எழுபது தாண்டின பெரியவர், அவர்கிட்டயும் அதே 455தான். அவர் வருஷக்கணக்கா ஒரே சப்சோனிக் (ஒலியை விட மெதுவா போற) ஹாலோ பாயிண்ட்தான் (மூக்குல குழி இருக்கற, உடம்புல பட்டா விரியற குண்டு) போடுவார், 50 மீட்டர்ல அஞ்சு குண்டும் ஒரு டாலர் காசுக்குள்ள மறைஞ்சிடும், நான் கண்ணால பார்த்தது. அதே டப்பால இருந்து எடுத்து, அதே மேஜைல, அதே மணல் மூட்டை மேல வச்சு என் ரைஃபிள்ல நான் சுட்டா உள்ளங்கை அகலத்துக்கு சிதறுது. என் கை சரியில்லன்னு யாரும் நினைக்க வேண்டாம், அவரும் என் ரைஃபிளை வாங்கி சுட்டார், அவருக்கும் அதே சிதறல்தான். ஸ்கோப் மவுண்டை இறுக்கிப் பார்த்தோம், சத்தத்தைக் குறைக்கற சப்ரஸரைக் கழட்டிட்டு சுட்டோம், எதுவும் மாறல. அப்புறம் சிசிஐ கம்பெனியோட சப்சோனிக் 40 கிரெயின் (குண்டோட எடை) ஹாலோ பாயிண்ட் போட்டேன், முதல்ல கொஞ்சம் அலைஞ்சுது, அப்புறம் அஞ்சும் ஒண்ணு மேல ஒண்ணு கடிச்ச மாதிரி விழுந்துது. அந்தப் பேப்பர் இன்னும் என் கராஜ் சுவத்துல இருக்கு. பெரியவர் பார்த்துட்டு "உன் துப்பாக்கி பேசிடுச்சு, இனிமே என் டப்பாவைக் கேக்காத"ன்னார். அவர் போடற தோட்டா பேரை நான் இங்க சொல்லல, ஏன்னா தப்பு அதுல இல்ல, அவர் துப்பாக்கியோட பேரலுக்குள்ள (குழாய்க்குள்ள) அதுதான் ராஜா.

ஏன் இப்படின்னா, .22 எல்ஆர் (லாங் ரைஃபிள், நாம போடற இந்தத் தோட்டா) 1887ல வந்த பழைய டிசைன். குண்டு மெத்துன்னு வெறும் ஈயம், மேல மெழுகு தடவியிருக்கும், குண்டோட அகலமும் பித்தளை கேஸோட அகலமும் ஒண்ணு. தீ பிடிக்கற மருந்து கேஸோட ரிம்முக்குள்ளயே (அடி விளிம்புக்குள்ளயே) சுத்தி இருக்கு. அந்த மருந்து ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மின்னு இருந்தாலோ, ரிம் தடிமன் கொஞ்சம் மாறினாலோ வேகம் மாறும். பெரிய ரைஃபிள்காரங்க மாதிரி நாமளே மருந்து அளந்து தோட்டா தயார் பண்ணவும் வழியில்ல, ஃபேக்டரி கொடுக்கறதுதான். உங்க சேம்பர் (தோட்டா போய் உக்கார்ற இடம்) எவ்வளவு இறுக்கம்ங்கறது அந்தந்த துப்பாக்கியோட ராசி. ஒண்ணு பண்ணிப் பாருங்க, காலி நிலத்தைப் பார்த்து துப்பாக்கியை நீட்டி வச்சுட்டு தோட்டாவை உள்ள ஏத்திட்டு சுடாம திரும்ப வெளிய எடுத்து வெளிச்சத்துல பாருங்க. ஈயத்துல ரைஃப்லிங் (பேரலுக்குள்ள இருக்கற சுருள் வரி) கோடு சுத்திவர சமமா பதிஞ்சிருந்தா நல்லது, மூக்குல ஒரு பக்கம் மட்டும் நகத்தால சுரண்டின மாதிரி பளபளன்னு இருந்தா உள்ள போகும்போதே குண்டு அடிபடுதுன்னு அர்த்தம், அந்த டப்பாவை ஒதுக்கிடலாம்.

சோதனை பண்றது எப்படின்னா, நாலஞ்சு வகைல 50 தோட்டா இருக்கற டப்பா ஒவ்வொண்ணு வாங்குங்க. பிராண்டு மாத்தும்போது முதல்ல ஒரு பத்து பதினஞ்சு சுட்டு விட்டுடுங்க, அந்தப் புது மெழுகு பேரலுக்குள்ள படியணும், அதுக்கு முன்னாடி விழற க்ரூப்பை (குண்டுங்க எவ்வளவு நெருக்கமா விழுதுங்கறதை) வச்சு முடிவு பண்ணாதீங்க. அப்புறம் அஞ்சு அஞ்சா சுடுங்க. மூணு குண்டு ஒட்டி விழுந்ததை போட்டோ எடுத்து பெருமையடிக்கறது அதிர்ஷ்டம், அளவு கிடையாது. காத்தில்லாத நேரமா பாருங்க, சப்ரஸர் மாட்டி வேட்டைக்குப் போறவரா இருந்தா மாட்டியே சுடுங்க.

வேகமா போறதுதான் நல்லதுன்னு நினைச்சு வினாடிக்கு 500 மீட்டர்னு போட்டிருக்கற ஸ்டிங்கர் மாதிரி தோட்டாவுக்கு நேரா போகாதீங்க. அதோட கேஸ் சாதாரண .22ஐ விட நீளம், போட்டிக்குன்னு செய்யற இறுக்கமான மேட்ச் சேம்பர்ல போடக்கூடாது. அதைவிட முக்கியம், ஒலி வேகத்தைத் தாண்டிப் போற .22 குண்டு வழியிலயே வேகம் குறைஞ்சு அந்தக் கோட்டைக் கடக்கும்போது ஆட்டம் காணும், பக்கக் காத்துல மெதுவா போற குண்டை விட அதிகமா தள்ளிப் போகும். நம்பறதுக்கு கஷ்டமா இருக்கும், ஆனா நிஜம். சத்தமும் சாட்டையடி மாதிரி கேக்கும், ஒரு முயல் விழுந்தா மத்ததெல்லாம் பொந்துக்குள்ள போயிடும். வினாடிக்கு 320 மீட்டர் பக்கம் போற சப்சோனிக்ல அந்தத் தொல்லை இல்ல. ஆனா அது சீக்கிரம் இறங்கும், 50 மீட்டருக்கு ஜீரோ பண்ணியிருந்தா (அந்தத் தூரத்துல குறில சரியா விழற மாதிரி ஸ்கோப்பை வச்சிருந்தா) 75ல ஆறேழு சென்டிமீட்டர், 100ல கிட்டத்தட்ட ஒரு சாண் கீழ. அதனால நான் 60 தாண்டி சுடறதில்ல. செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏத்திக்கற ரகம்) வச்சிருக்கறவங்களுக்கு சப்சோனிக் சில சமயம் போல்ட்டை முழுசா பின்னால தள்ளாது, அதையும் பார்த்துக்கோங்க.

கடைல என்கிட்ட ஒருத்தர் விலை கூடின மேட்ச் தோட்டாதான் வேணும்னு அடிச்சுப் பேசினார். துல்லியம் சரி, ஆனா அது உருண்டை மூக்கு கெட்டி ஈயம், உடம்புல பட்டா ஊசி மாதிரி துளைச்சுட்டுப் போயிடும், முயல் பொந்துக்குள்ள ஓடி மணிக்கணக்கா தவிச்சு சாகும். இங்க தரையெல்லாம் ஷிஸ்ட் பாறை வேற, கெட்டிக் குண்டு பட்டுத் தெறிச்சு எங்க போகும்னு சொல்ல முடியாது. வேட்டைக்கு ஹாலோ பாயிண்ட்தான், க்ரூப் கொஞ்சம் பெருசா இருந்தாலும் பரவால்ல, தலைக்குள்ள விழற அளவு இருந்தா போதும்.

இதெல்லாம் கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம், சுட இடம் வேணுமே. "எனக்கும் பர்மிஷன் வாங்கிக் கொடுங்க அண்ணா"ன்னு கெஞ்சினதால நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனை அந்தப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனேன். கேட் மூடியிருந்தா மூடிட்டு வா, திறந்திருந்தா திறந்தே விடுன்னு கார்லயே சொன்னேன். அவன் ஒரு கேட்டை திறந்து போட்டுட்டு வந்துட்டான். பிப்ரவரி மாசம், கிடாயெல்லாம் பெட்டை ஆட்டு மந்தைக்குள்ள புகுந்துடுச்சு. அஞ்சு மாச சினை, குட்டி ஜூலைல, இங்க அதுதான் குளிர்காலம், நடுப் பனில விழும். பெரியவர் என்னைத் திட்டல, "கொஞ்ச நாள் யாரும் வர வேண்டாம்"னு மட்டும் சொன்னார், அந்த ஒரு சீசன் முழுக்க நான் உள்ள போகல. பையன் இன்னிக்கு வரைக்கும் அவருக்கு ஒரு போன் பண்ணல. பண்ணைக்காரர் வாழ்க்கை அந்தக் குட்டிங்கதான், அது புரியாதவங்க கைல எந்தத் தோட்டா இருந்தா என்ன.

சரி, கடைசியா ஒண்ணு. பிடிச்ச தோட்டா கிடைச்சதும் டப்பால லாட் நம்பர் அச்சடிச்சிருக்கும், அதைக் குறிச்சுக்கிட்டு உடனே கடைக்குப் போய் அதே லாட்ல (ஒரே தடவைல தயாரிச்ச சரக்கு) 500 தோட்டா இருக்கற பிரிக் ஒண்ணோ ரெண்டோ வாங்கி வச்சுடுங்க. அதே பிராண்டு அதே பேரா இருந்தாலும் லாட் மாறினா திரும்ப ஜீரோ பார்க்கணும். வாங்கினதை பாக்கெட்ல அப்படியே கொட்டிக்கிட்டுப் போகாதீங்க, மெழுகுல துணிப் பிசிறும் மண்ணும் ஒட்டி நேரா சேம்பருக்குள்ள போகும்.