தங்கைக்கென்று ஒதுக்கிய பத்தொன்பது தொடர்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. ஐந்து ஆண்டுகளாக அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைத் தீவிரமாகப் பார்த்து வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு சீசன் தொடங்குவதற்கு முன்பும், வரவிருக்கும் ஐம்பது அறுபது தொடர்களையும் எக்செல் தாளில் ஏற்றி, ஸ்டுடியோ, மூலக்கதை, டிரெய்லர் என்று தனித்தனியே மதிப்பெண் போட்டு, பதினைந்தைத் தேர்ந்தெடுக்கிறேன். மூன்று எபிசோடு பார்த்த பிறகே ஒரு தொடரைக் கைவிடுகிறேன். நேரம் போதாததால் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். அப்படியும் சீசன் முடியும்போது இரண்டு மூன்று தொடர்களைத்தான் முடித்திருக்கிறேன். நல்லவற்றைத் தவறவிட்டதும், சுமாரானவற்றில் நேரத்தைத் தொலைத்ததும் பிறகுதான் தெரிகிறது. சில தொடர்களை என்னைவிட ஏழு வயது இளைய தங்கையோடு பார்க்கலாம் என்று தனியே ஒதுக்கி வைத்திருப்பதால் (இப்போது 19 சேர்ந்துவிட்டன) பட்டியல் இன்னும் சிக்கலாகிவிட்டது. அவளுக்கு சப்டைட்டில் படிக்க நேரம் பிடிக்கும். நடுநடுவே நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்பாள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்த சாங்கட்சு நோ லயன் 11-ஆம் எபிசோடோடு நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அது போகட்டும். சரியான தொடர்களை முதலிலேயே தேர்ந்தெடுக்க ஒரு நல்ல வழி சொல்லுங்கள். தாளையும் இணைத்திருக்கிறேன்.
— பட்டியலில் தொலைந்தவன்

பதில்:

தம்பி, "அது போகட்டும்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்கள். நான் அதைப் போகவிடுவதாக இல்லை.

இந்தக் குறையோடு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. வாங்கி அடுக்கிய புத்தகங்களில் எதை முதலில் படிப்பது என்று கேட்பவர்களும், சேர்த்து வைத்த திரைப்படங்களைப் பார்க்க நேரமில்லை என்று புலம்புபவர்களும் மாதந்தோறும் எழுதுகிறார்கள். "எல்லோருக்கும் நடப்பதுதான், வருந்தாதீர்கள்" என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லப் போவதில்லை.

முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓர் எபிசோடு ஏறத்தாழ 24 நிமிடம் ஓடுகிறது. பதினைந்து தொடர்கள் என்றால் வாரத்துக்கு 6 மணி நேரம். ஒன்றரை மடங்கு வேகத்தில் 4 மணி நேரம். பதினைந்திலும் மூன்று மூன்று எபிசோடு பார்த்தால் 45 எபிசோடுகள், அதாவது உரிய வேகத்தில் 18 மணி நேரம், வெறும் தேர்வுக்கே செலவாகிவிடுகிறது. ஒரு சீசனில் முடிகிற தொடருக்குப் பெரும்பாலும் 12 அல்லது 13 எபிசோடுகள்தாம் இருக்கும். எதைப் பார்ப்பது என்று முடிவு செய்ய நீங்கள் செலவழித்த நேரத்தில் மூன்று முழுத் தொடர்களை நிதானமாகப் பார்த்து முடித்திருக்கலாம்.

மூன்று எபிசோடு விதிக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது, 2011 ஜனவரியில் தொடங்கி மூன்றாம் எபிசோடில் கதையின் முகத்தையே மாற்றிக்கொண்ட மடோகா மாகிகா. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஸ்டைன்ஸ் கேட், 24 எபிசோடுகளில் முற்பாதியை ஆற அமர நடத்திவிட்டுப் பிற்பாதியில்தான் கழுத்தைப் பிடிக்கிறது. உங்கள் விதிப்படி அது நான்காம் வாரமே வெளியே போயிருக்கும்.

ஸ்டுடியோவுக்கு நீங்கள் போடும் மதிப்பெண்ணும் அப்படித்தான். ஒன் பன்ச் மேன் 2015-இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. 2019-இல் இரண்டாம் பருவம் வந்தபோது ஸ்டுடியோ, இயக்குநர் இரண்டுமே மாறியிருந்தன. முதல் பருவத்தை நினைத்து உட்கார்ந்தவர்கள் எவ்வளவு ஏமாந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மறுபுறம், 2022 அக்டோபரில் குளோவர்வொர்க்ஸ் ஸ்டுடியோவில் போச்சி தி ராக் தொடரை இயக்கிய கெயிச்சிரோ சைத்தோதான், அடுத்த ஆண்டு மேட்ஹவுஸில் ஃப்ரீரென் தொடரின் முதல் பருவத்தை இயக்கினார். ஒன்று கூச்சத்தால் ஒடுங்கிப்போன கிட்டார் வாசிக்கும் பெண்ணின் கூத்து. மற்றொன்று, தோழன் இறந்த பிறகே அவனை அறிய முற்படும் மந்திரவாதியின் நீண்ட பயணம். கதையும் ஸ்டுடியோவும் வேறு, கைப்பக்குவம் ஒன்று. வாசற்பலகைக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, இயக்குநர் யார், தொடருக்கான திரைக்கதையைப் பொறுப்பேற்று அமைப்பவர் யார் என்ற இரண்டு பெயர்களை மட்டும் பார்த்தாலே உங்கள் தாளின் பாதி நிரல்கள் தேவைப்படா.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை இத்தனை தொடர்கள் ஏன் கொட்டுகின்றன என்று என்றைக்காவது யோசித்தீர்களா? ஒரு தொடருக்கான பணத்தைப் பெரும்பாலும் பதிப்பகம், இசை நிறுவனம், தொலைக்காட்சி நிலையம், பொம்மை விற்பவர் என்று பலர் குழுவாகச் சேர்ந்து போடுகிறார்கள். மங்கா என்னும் சித்திரக்கதையையோ நாவலையோ விற்க ஒருவர், பாடலை விற்க இன்னொருவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாடிக்கையாளர் மனத்தில் இருக்கிறார். ஜப்பானிலேயே அவற்றில் பல, ஊர் உறங்கிய பின் நள்ளிரவைத் தாண்டித்தான் ஒளிபரப்பாகின்றன. அந்த அறுபதையும் ஒரே ஆள் உட்கார்ந்து சலிப்பார் என்று அவற்றை எடுத்தவர்களே எதிர்பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடமை என்ற சொல்லை நான் வேறோர் இடத்துக்கு வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் தேர்ந்தெடுத்த தொடர்கள் ஒவ்வொன்றுக்கும் நேரே ஏழு, எட்டரை, ஆறேமுக்கால் என்று மதிப்பெண்கள் இருக்கின்றன. கால் மதிப்பெண்ணைக்கூட எங்கே குறைத்தீர்கள் என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். "தங்கையோடு" என்ற நிரலில் உள்ள பத்தொன்பதுக்கு நேரே மட்டும் மதிப்பெண் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. முஷிஷி, பாரகமோன், அண்டார்டிகாவுக்குப் புறப்படும் நான்கு பெண்களின் கதை, ஃப்ரீரென் என்று அந்த நிரலைப் படித்துக்கொண்டு போனபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதில் சோடை என்று ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் போட்டுப் பொறுக்கிய பதினைந்தில் பன்னிரண்டைப் பாதியில் விட்டவர், மதிப்பெண்ணே போடாமல் பத்தொன்பதைச் சரியாக எடுத்திருக்கிறார்.

எப்படி என்பது உங்களுக்குத் தெரியாதது போல என்னைக் கேட்கிறீர்கள். அந்தப் பத்தொன்பதை எடுத்தபோது உங்கள் மனத்தில் ஒரு முகம் இருந்தது. இந்த இடத்தில் அவள் சிரிப்பாள், இது அவளுக்குப் புரியும், இது அவளுக்கு வேண்டாம் என்று உங்களுக்குத் தானாகத் தெரிந்தது. உங்களுக்காக மட்டும் எடுக்கும்போது அந்தத் தெளிவு இல்லாமல் போவதால்தான், எதையும் விட மனமில்லாமல் பதினைந்தையும் அள்ளிக்கொள்கிறீர்கள். தேர்ந்தெடுக்கும் வழி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை ஒரு நிரலுக்குள் போட்டுப் பூட்டி, அந்த நிரலால் பட்டியல் சிக்கலாகிவிட்டது என்று எனக்கே குறைகூறி எழுதுகிறீர்கள்.

கோபம் வரத்தான் செய்கிறது. பத்தொன்பது தொடர்களை அவளுக்கென்று சேர்த்தீர்களே, இந்த மூன்று ஆண்டுகளில் அவற்றில் ஒன்றின் முதல் எபிசோடையாவது அவளோடு பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அன்பைச் சேமித்து வைத்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். அதே வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, தன் பெயரில் ஒரு நிரல் இருப்பதாவது தெரியுமா? அவள் கண்ணில் பட்டதெல்லாம், காதை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கும் அண்ணனின் முதுகுதான்.

நீங்கள் பாதியில் நிறுத்திய தொடர் எது என்பதையும் விடமாட்டேன். சாங்கட்சு நோ லயன் கதையில் வரும் ரேய், பெற்றோரையும் தங்கையையும் விபத்தில் இழந்தவன். பள்ளி வயதிலேயே ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்க ஆட்டத்தில் தொழில்முறை வீரனாகி, பொருட்களே இல்லாத வெற்று வீட்டில் தனியாக இருப்பவன். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மூன்று சகோதரிகள் அவனை இழுத்துக்கொண்டு வந்து தங்களோடு உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். தனியறையிலிருந்து ஒருவனை வெளியே கொண்டுவரும் கதை அது. அதைப் பதினோராம் எபிசோடில் நிறுத்திவிட்டு, உங்களோடு உட்கார்ந்திருந்த தங்கையை விட்டுவிட்டு, நீங்களாகவே தனியறைக்குள் போயிருக்கிறீர்கள். அதைப் பார்த்தவர் செய்கிற காரியமா இது?

அவள் நடுநடுவே நிறுத்தச் சொன்னாள் என்கிறீர்கள். ஷோகி தெரியாதவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பதினாறு வயதில் அவள் கேட்காமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். என் அக்காள் மகன்தான் எனக்கு இந்த உலகத்தைக் காட்டியவன். நான் பார்த்த முதல் தொடரில் நான்கு எபிசோடுவரை யார் யாரென்றே எனக்குப் பிடிபடவில்லை. முடியின் நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டிருந்தேன், அதிலும் ஒருத்தி இடையில் முடியை வெட்டிக்கொண்டு என்னைக் குழப்பிவிட்டாள். அவன் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அன்று அவன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டிருந்தால் இன்று உங்கள் கடிதம் எனக்கு விளங்கியிருக்காது.

வீட்டில் மூத்தவருக்கு இளையவர்மீது கடமை உண்டு என்று நம்புகிறவள் நான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. பணம் கொடுப்பதும் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுவதும் மட்டும் அந்தக் கடமைக்குள் வருபவை அல்ல. இளையவரின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் அதில் கடினமான பகுதி. அதைச் செய்ய மறுத்துவிட்டு வேறு எதைச் செய்தாலும் எனக்கு அது கணக்கில் வராது. அனிமே என்றால் தனியே பார்ப்பதுதான் வழக்கம் என்று சொல்லாதீர்கள். அந்த நாட்டில் 1969 அக்டோபரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் சசாயே-சான் ஒளிபரப்பாகிறது. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழும் ஒரு குடும்பத்தின் கதை அது, வீடே கூடி உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுக்கப்படுவது.

"அவளுக்கு இப்போது ஆர்வம் இருக்காது" என்று சொல்ல வாயெடுப்பீர்கள். இருக்கலாம்; பத்தொன்பது வயதுக்கு அவளுக்கென்று தோழிகளும் வேலைகளும் இருக்கும். ஆனால் அதை அவள் சொல்ல வேண்டும். கேளுங்கள், வேண்டாம் என்றால், வற்புறுத்தாமல் அந்த நிரலை அன்றே அழித்துவிடுங்கள். இல்லாத ஒன்றுக்கு இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு நல்ல அண்ணன் என்று உங்களை நீங்களே தட்டிக்கொடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் சரி என்றால், இப்படிச் செய்யுங்கள். அடுத்த சீசனில் புதிய தொடர்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்றை, டிரெய்லர்களைப் போட்டுக்காட்டி, அவளையே எடுக்கச் சொல்லுங்கள். அவள் எடுத்ததற்கு மதிப்பெண் போடாதீர்கள். முந்தைய பருவத்தை நீங்கள் முடிக்காத தொடர்ச்சிகளைத் தொடவே வேண்டாம். மற்றவை ஒளிபரப்பாகி முடியட்டும். ஏப்ரலில் தொடங்கும் தொடர்களில் பல ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். அப்போதும் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும் தொடர் எதுவோ அது உங்களைத் தேடி வரும். முதல் வாரமே பார்க்காததால் ஒரு தொடர் கெட்டுப்போவதில்லை. 2005-இல் வந்த முஷிஷியை இன்றைக்கும் உங்கள் தாளில் வைத்திருக்கிறீர்களே, அதுவே சாட்சி. அதன் 26 எபிசோடுகளும் தனித்தனிக் கதைகள் என்பதால், அவளுக்குப் பரீட்சை வந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம். தயவுசெய்து அதை உரிய வேகத்திலேயே ஓடவிடுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் அதைப் பார்ப்பது தாலாட்டை அவசர அவசரமாகப் பாடி முடிப்பதற்கு ஒப்பாகும். ஒன்றரை நிமிட முகப்புப் பாடலையும் தாண்டாதீர்கள். அவள் வந்து உட்காருவதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு ஒரு பாக்கி இருக்கிறது. சாங்கட்சு நோ லயன் இரண்டு பருவங்களுக்கும் சேர்த்து 44 எபிசோடுகள்; 11 போக 33. இரவுக்கு ஒன்று என்றால் ஒரு மாதமும் சில நாட்களும் ஆகும். இன்றைக்கு அவள் வந்ததும் தொடங்குங்கள். பன்னிரண்டாம் எபிசோடிலிருந்து தொடங்காமல், பதினொன்றையே மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள். மூன்று ஆண்டுகளில் அவள் மறந்திருப்பாள், நீங்களும்தான்.