படுத்தால் கால் குடைகிறது, தூக்கத்தில் உதைக்கிறேன்

கேள்வி: எனக்கு 46 வயது. இரண்டு வருடமாக, இரவில் படுத்ததும் முழங்காலுக்குக் கீழே உள்ளுக்குள் ஏதோ ஊர்வதுபோல் குடைச்சல். எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் திரும்ப வருகிறது. துண்டால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்கிறேன். தூங்கிய பிறகும் உதைத்துக்கொண்டே இருக்கிறேனாம், கணவர் ஹாலில் படுக்கிறார். ரத்தம் 12 இருக்கிறது, மனக்கவலைதான் என்று அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். அப்புறம்தான் அதிகமானது. மாதவிலக்கில் உதிரப்போக்கும் அதிகம். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு இருப்பது 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்' என்னும் நரம்பு சார்ந்த நோய். மனக்கவலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஓய்வில் வரும், ராத்திரியில் கூடும், நடந்தால் அடங்கும், காலை அசைத்தே ஆகவேண்டும் என்றிருக்கும். இந்த நான்கும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. 1945-இலேயே எக்பாம் என்ற சுவீடன் மருத்துவர் இதை விரிவாக எழுதிவிட்டார். கெண்டைக்கால் கல்லாக இறுகி இழுத்துப் பிடிப்பது வேறு, இது வேறு.

உங்கள் ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், 12 இருக்கலாம். ஆனால் நான் கேட்பது ஃபெரிட்டின், அதாவது உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பு. மூளையில் செய்திகளைக் கடத்தும் டோபமின் என்ற ரசாயனம் உருவாக இரும்பு வேண்டும். அது அங்கே குறைந்தால் கால் குடையும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம், அதுவும் இவ்வளவு உதிரப்போக்கு உள்ளவருக்கு. ஃபெரிட்டின் 20, 30 இருந்தால் லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றுதான் வரும். இந்த நோய்க்கு அது போதாது. 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். காய்ச்சல் இல்லாத நாளில், காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

மாத்திரையைக் காபி, டீ, கால்சியம் மாத்திரையோடு போடாதீர்கள்; எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றலாம். உதிரப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு இரும்பு கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் இந்தக் குடைச்சலைக் கூட்டக்கூடியது. நீங்களாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைட் ஆகியவையும் இப்படித்தான். மாலைக்கு மேல் காபி வேண்டாம்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் நரம்பை அமைதிப்படுத்தும் கபாபென்டின் அல்லது பிரிகாபலின் கொடுப்போம். தலைசுற்றலும் மயக்கமும் வரலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்குவோம். டோபமினைப்போல் வேலைசெய்யும் பிராமிபெக்சோல் சில நாளிலேயே சுகம் தரும், அதனாலேயே பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. வருடக்கணக்கில் போட்டால் பலருக்குக் குடைச்சல் மத்தியானமே தொடங்கி, கைக்கும் பரவிவிடுகிறது.

இரவில் உதைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பெரும்பாலும் 20 முதல் 40 விநாடிக்கு ஒருமுறை கால் கட்டைவிரல் மேல்நோக்கி நிமிரும், கணுக்கால் மடங்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது வலிப்பு அல்ல. ஆனால் உடல் முழுக்க வெட்டி இழுத்தாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ, பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். இதைக் கவனிக்கக் கணவரால்தான் முடியும்.

துண்டை அவ்வளவு இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் தடைபடும். வெந்நீரில் காலை வைத்துவிட்டு, கெண்டைக்காலை நீவிவிட்டுப் படுங்கள். ஃபெரிட்டின் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.