பைத்தானில் ரெஜெக்ஸ் தமிழ்ச் சொற்களை ஏன் உடைக்கிறது?

பைத்தான் நிரல்மொழியின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (சுருக்கமாக ரெஜெக்ஸ்; உரையில் வேண்டியதைத் தேட எழுதும் கோலம்) சொல்லெழுத்தைக் குறிக்கும், பின்சாய்வுடன் கூடிய சிறிய டபிள்யூவைப் பயன்படுத்தினால் ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகளாக வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிரலில் பிழை இல்லை. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் வழங்கும் யூனிகோடு தரத்தில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பைத்தான் 3-இன் உள்ளிணைந்த ரெஜெக்ஸ் தொகுதி எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லெழுத்தாக ஏற்கிறது. யூனிகோடு நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் ‘எழுத்து’ என்று வகைப்படுத்தாமல் ‘குறி’ என்று வகைப்படுத்தியிருப்பதால், அவை வரும் இடமெல்லாம் சொல் அறுந்துவிடுகிறது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது சொல்லெல்லையைக் குறிக்கும், பின்சாய்வுடன் கூடிய சிறிய பி. ஒரு நூலுக்குச் சொல்லடைவு தயாரித்தபோது ‘கல்’ என்ற சொல்லை இருபுறமும் இந்த எல்லைக் குறி இட்டுத் தேடினேன். ‘கல் எறிந்தான்’ என்ற தொடர் சிக்கவில்லை, ‘கல்வி’ சிக்கியது. புள்ளி சொல்லெழுத்து அல்ல, அதை அடுத்து வரும் இடைவெளியும் அல்ல. ஆகவே அவற்றிடையே எல்லை இல்லை என்று கருதும் நிரல், ‘கல்வி’யில் புள்ளிக்குப் பின் வகரம் வருவதால் அங்கே எல்லை இருப்பதாகக் கொள்கிறது. வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைப் பிடிக்கும் இந்தப் பிழை, எந்த எச்சரிக்கையும் காட்டாமல் நடப்பதால் எளிதில் கண்ணில் படாது.

தமிழ் எழுத்து எது என்பதை நாமே வரையறுத்துக் கொடுப்பதுதான் தீர்வு. யூனிகோடு வரிசையில் ஆய்த எழுத்து முதல் புள்ளி வரை உள்ள வீச்சில் உயிர், மெய், துணைக்குறிகள் அனைத்தும் அடங்குவதால், ஒரு முழுச் சொல்லைப் பிடிக்க இது போதும்:

[ஃ-்]+

தனித்து நிற்கும் ‘கல்’லை மட்டும் பிடிக்க, முன்னும் பின்னும் தமிழ் எழுத்து இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும்:

(?<![ஃ-்])கல்(?![ஃ-்])

வீச்சு எழுதும்போது நெடுங்கணக்கை நம்பி [க-ன] என்று போட்டுவிடாதீர்கள். நாம் படித்த வரிசையில் னகரம் கடைசி மெய். யூனிகோடில் அது நகரத்துக்கு அடுத்தே வந்துவிடுகிறது. ஆகவே அந்த வீச்சில் ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ ஆகிய ஒன்பதும் விடுபட்டு, பதினெட்டு மெய்களில் பாதி காணாமல் போகும். நடுவில் ஜகரம் வேறு நுழைந்துகொள்ளும். [க-ஹ] என்று எழுதுவதே சரி.

தேடுவதற்கு முன் உரையை யூனிகோடு தரப்படுத்தலில், பிரிந்திருக்கும் குறியீடுகளை இணைத்து எழுதும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கொ’ என்பதன் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் ரெஜெக்ஸுக்கு அவை வெவ்வேறு.

பைத்தான் தொகுதிகளை நிறுவும் கருவியான பிப் வழியாகத் தனியே நிறுவிக்கொள்ளும், ‘ரெஜெக்ஸ்’ என்றே பெயர் கொண்ட தொகுதியில் துணைக்குறிகளும் சொல்லெழுத்தாகவே கொள்ளப்படுவதால் ‘தமிழ்’ உடையாது. புதிதாக எழுதும் நிரலுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். உள்ளிணைந்த தொகுதியிலேயே எழுத்தெண்ண வேண்டுமானால் இந்தக் கோலம் எனக்குப் பயன்பட்டு வருகிறது:

க்ஷ[ா-்]?|[க-ஹ][ா-்]?|[ஃ-ஔ]

இதில் க்ஷகரத்தை முதலில் வைத்திருப்பது காரணத்தோடுதான்; ரெஜெக்ஸ் இடமிருந்து வலமாக ஒவ்வொரு மாற்றாகச் சோதிப்பதால், அதைப் பின்னால் தள்ளினால் ‘பக்ஷி’ இரண்டு எழுத்தாக எண்ணப்படாமல் மூன்றாகிவிடும்.