சிபாப் மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்க முடியுமா? எல்லோரும் சொல்வதுபோல் பழகிவிடுமா?

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஆப்னியா நோய்க்கான தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. என்ற எண் 38 என்று வந்தது, மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் இயந்திரத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார், ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் இயந்திரத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன், கேட்டவர்கள் எல்லோரும் "பழகிவிடும்" என்கிறார்கள், வாழ்நாள் முழுக்க இதைப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல ஆண்டுகளாக இந்த மாஸ்குடன் தூங்குகிறவன். அந்த "பழகிவிடும்" என்ற ஆலோசனை மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. சிபாபில் பழகிப்போகிற தொல்லைகள் இருக்கின்றன. எத்தனை வருடமானாலும் பழகாத தொல்லைகளும் இருக்கின்றன. இரண்டாவது வகையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்ப்பவர்கள்தான் கடைசியில் இயந்திரத்தைத் தூக்கிப் போடுகிறார்கள். அவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல, சரிசெய்ய வேண்டியவை.

முதலில் உங்கள் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு 10 நொடி அல்லது அதற்கு மேல் நிற்கிறது அல்லது பெரிதும் குறைகிறது என்பதுதான் ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம். 38 என்றால், சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை உங்கள் மூச்சு தடைபடுகிறது, பெரும்பாலான தடவைகளில் மூளை உங்களை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. காலையில் இதில் ஒன்றுகூட நினைவிருக்காது. தலைவலி, வறண்ட வாய், இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழுந்தது, மத்தியானம் நாற்காலியில் கண்ணைச் சொருகுவது ஆகியவை மட்டும் மிஞ்சும். ஆகவே உங்கள் நிலையில் "எனக்கு வேண்டாம்" என்று விட்டுவிடுவது நல்ல முடிவாகாது.

இயந்திரம் செய்வது மிக எளிய வேலை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவை ஒட்டாதபடி உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு அறைக் காற்றை மெல்ல அழுத்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். பலர் நினைப்பதுபோல் அதில் ஆக்சிஜன் வருவதில்லை. வழக்கமான அழுத்தம் 4 முதல் 20 செ.மீ. நீர்மட்டம் வரை. 10 செ.மீ. என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லை போலிருக்கும். மூக்கில் வந்து மோதும்போதுதான் தெரியும்.

இந்த முறையை ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உருவாக்கி 1981-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். அதற்கு முன்பு தீவிர நோயாளிகளுக்கு இருந்த உறுதியான வழி கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பதுதான். ஆரம்ப கால இயந்திரங்களில் வேக்குவம் கிளீனர் மோட்டார் பொருத்தியிருந்தார்கள். மாஸ்கை இரவுதோறும் மூக்கில் பசை போட்டு ஒட்டினார்கள். ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்தச் சிகிச்சையின் பலவீனமான இடம் மாஸ்க்தான். மோட்டார் எப்போதோ முன்னேறிவிட்டது. முகங்கள்தான் இன்னமும் ஆளுக்கொரு மாதிரி இருக்கின்றன.

பழகிப்போகிறவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம் பழகிவிடும், இப்போதைய இயந்திரங்கள் பெரும்பாலும் 30 டெசிபலுக்குக் கீழேதான் ஒலிக்கின்றன, உங்கள் குறட்டையோடு ஒப்பிட்டால் அது மௌனம். புரண்டு படுக்கும்போது குழாய் இழுபடுவது பழகிவிடும். குழாயைத் தலைமாட்டில் மேலிருந்து தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம் பழகும். கண்ணாடியில் பார்க்கும்போது வரும் கூச்சமும் போய்விடும். முதல் சில இரவுகளில் கனவுகள் தாறுமாறாக, மிகத் தெளிவாக வரக்கூடும். நெடுநாளாகக் கிடைக்காமல் போன கனவுத் தூக்கத்தை மூளை வட்டியோடு வசூலிக்கிறது, அதுவும் அடங்கிவிடும்.

காற்றை எதிர்த்து மூச்சுவிடும் திணறல் பாதி பழகும், மீதியை இயந்திரத்தில் குறைக்கலாம். குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றும் ஏற்பாடு ஒன்றும், மூச்சை வெளிவிடும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைத் தணிக்கும் ஏற்பாடு ஒன்றும் அநேகமாக எல்லா இயந்திரத்திலும் உண்டு. இவற்றைப் போட்டுக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பகலில், தூங்கும் எண்ணமே இல்லாமல், உட்கார்ந்து படித்துக்கொண்டோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ மாஸ்கைப் போட்டு இயந்திரத்தை ஓடவிடுங்கள். மூச்சுமுட்டும் பயம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தூக்கம் வராத பதற்றமும் மாஸ்க் பயமும் ஒரே நேரத்தில் வந்தால் யாராலும் சமாளிக்க முடியாது.

இனி, பழகாதவை. முதலில் கசிவு.

மாஸ்க் விளிம்பிலிருந்து காற்று பீறிட்டுக் கண்ணுக்குள் அடிக்கும். உடனே கை தானாகப் பட்டையை இறுக்கும். இறுக்கினால் மாஸ்கின் மெத்தை விளிம்பு நசுங்கி வேறு பக்கம் கசியும், அதையும் இறுக்குவோம். காலையில் மூக்குத்தண்டில் சிவப்புத் தழும்பு. செய்ய வேண்டியது நேர் எதிரானது. வழக்கமாகப் படுக்கும் வாட்டத்தில் படுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் முகம் படுத்தால் இருப்பதில்லை, கன்னம் சரிந்துவிடும். இயந்திரத்தை ஓடவிட்டு, பட்டைகளைத் தளர்த்தி, மாஸ்கை முகத்திலிருந்து ஒரு விரல்கடை தூரம் இழுங்கள். சிலிக்கோன் விளிம்பின் உள்மடல் காற்றில் உப்பும். அப்படியே மெதுவாக முகத்தில் அமரவிடுங்கள். பிறகு கீழ்ப் பட்டைகளை இரண்டு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். முகத்தை அடைப்பது காற்றில் உப்பிய அந்த மடல்தான், பட்டையின் இறுக்கம் அல்ல. இதற்குப் பிறகும் கசிந்தால் அளவு தவறு அல்லது வகை தவறு. தாடி இருந்தால் மூக்கை முழுதாக மூடும் மாஸ்க் பல நேரம் சண்டித்தனம் செய்யும். நாசித்துளைகளில் மட்டும் அமரும் சிறிய வகை அவர்களுக்குப் பொருந்தலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: மாஸ்கின் முன்புறம் சிறு துளைகள் வழியே வரும் மெல்லிய காற்று கசிவு அல்ல. நீங்கள் விடும் கரியமில வாயு வெளியேறும் வழி அது. அதை அடைக்கவே கூடாது.

அடுத்தது வாய். மூக்கு மாஸ்க் போட்டிருக்கும்போது வாய் திறந்தால் மூக்கில் நுழைந்த காற்று வாய் வழியே ஓடிவிடும். நள்ளிரவில் நாக்கு மரக்கட்டையாக எழுவீர்கள். உடனே வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்கைக் கொடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு அது தேவைதான். ஆனால் வாய் ஏன் திறக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்காமல் என்ன செய்யும்? ஒவ்வாமையோ, மூக்கின் வளைந்த நடுத்தண்டோ, நாட்பட்ட சளியோ இருக்கிறதா என்று காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, மருத்துவர் சொல்லும் மூக்கு ஸ்பிரே, இயந்திரத்தின் ஈரப்பதத்தைக் கூட்டுவது ஆகிய மூன்றிலேயே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெரிய மாஸ்கில் கசிவதற்கான சுற்றளவும் அதிகம், மூச்சுமுட்டும் உணர்வும் அதிகம். அதனால்தான் அதை நான் கடைசி இடத்தில் வைப்பேன்.

ஈரப்பதத்தைக் கூட்டினால் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. அறை குளிர்ந்திருந்தால் குழாய்க்குள் ஆவி நீர்த்துளியாகி, பின்னிரவில் கடகடவென்று ஓசையெழுப்பி மூக்கில் வந்து சொட்டும். இயந்திரத்தைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள் அல்லது சூடேறும் குழாய் வாங்குங்கள். தொட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, தினமும் மாற்றுங்கள். தண்ணீர் இருக்கும்போது இயந்திரத்தைச் சாய்த்துத் தூக்கினால் அது மோட்டாருக்குள் போய்விடும்.

காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று பொருள். இதையும் சகித்துக்கொள்ளச் சொல்வார்கள், சகிக்காதீர்கள். அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கலாம், மூக்கு அடைத்திருக்கலாம். மருத்துவரோ தூக்க ஆய்வகத் தொழில்நுட்பரோ பதிவுகளைப் பார்த்து மாற்றிக் கொடுக்க முடியும். அழுத்த எல்லைகளை நீங்களே திருகாதீர்கள். சிலருக்குச் சிகிச்சையின்போது மூளையே மூச்சுக்கு உத்தரவு கொடுக்காமல் விடும் வேறு வகைத் தடை தலைகாட்டும். அழுத்தத்தை ஏற்றினால் அது மோசமாகலாம்.

திரையில் தினமும் காலையில் வரும் எண்களில் எல்லோரும் ஏ.எச்.ஐ.யைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கசிவை முதலில் பாருங்கள். கசிவு அதிகமாக இருக்கும் இரவில் மற்ற எண்களை நம்ப முடியாது. கசிவு குறைவாக இருந்தும் ஏ.எச்.ஐ. தொடர்ந்து 5-க்கு மேல் நின்றால், அந்தப் பதிவோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

"நாலு மணி நேரம் போட்டால் போதும்" என்றும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது அமெரிக்க மருத்துவக் காப்பீட்டில் இயந்திரத்துக்குப் பணம் கொடுக்க வைத்த அளவுகோல்: 30 நாளில் 70 சதவீத இரவுகள், இரவுக்கு 4 மணி நேரம். உடம்பு அந்த விதியைப் படிக்கவில்லை. கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். தசைகள் மிகத் தளர்வதும், பலருக்கு மூச்சு மிக நீண்ட நேரம் நிற்பதும் அப்போதுதான். மூன்று மணிக்குக் கழற்றி வைப்பவர் மோசமான நேரத்தில் காவல் இல்லாமல் தூங்குகிறார். சிறுநீர் கழிக்க எழுந்தால், திரும்பி வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.

பலன் பற்றி மிகைப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த, 2016-இல் வெளியான 'சேவ்' ஆய்வில், சிபாப் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி இன்றுவரை விவாதம் நடக்கிறது. ஆனால் அதே ஆய்வில் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. இரத்த அழுத்தம் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிகள் குறையும், மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அல்ல. என்னைப் பொறுத்தவரை, மத்தியானத்தில் விழித்திருக்க முடிவதும் வண்டி ஓட்டும்போது கண் சொருகாததுமே போதுமான காரணம். சிகிச்சை சரியாகும்வரை தூக்கக் கலக்கத்தில் நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள்.

சுத்தம் செய்வது பெரிய வேலையல்ல. முகத்தில் படும் மாஸ்க் மெத்தையை தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் கசியும். குழாயையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை கழுவலாம். ஓசோன் சுத்திகரிப்புக் கருவிகள் தேவையில்லை. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் ஒலி தணிக்கும் நுரை சிதைவதற்காக லட்சக்கணக்கான இயந்திரங்களைத் திரும்பப் பெற்றபோது, ஓசோன் அந்தச் சிதைவை விரைவுபடுத்தக்கூடும் என்றும் எச்சரித்தது. பழைய இயந்திரம் யாரேனும் கொடுத்தால் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் இருந்தால் காந்தக் கொக்கி உள்ள மாஸ்க் வேண்டாம்.

வாழ்நாள் முழுக்கவா? மாட்டியிருக்கும் வரைதான் இது வேலை செய்யும். நிறுத்தினால் சில இரவுகளிலேயே பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் நோயே குறையலாம். கணிசமாக எடை குறைந்தால் எண்ணும் குறையும். உடல் பருமனோடு நடுத்தர, தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை அமெரிக்க மருந்து ஆணையம் 2024 டிசம்பரில் அனுமதித்தது. கீழ்த்தாடையை முன்னிழுக்கும் பல் கருவி லேசான, நடுத்தர நிலைக்கு நல்ல மாற்று. எந்த வழியானாலும், மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து எண்ணைப் பார்த்த பிறகே சிபாபை நிறுத்த வேண்டும்.

எந்த வகை மாஸ்க் கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூக்கைப் பரிசோதிக்காமல் நேராகப் பெரிய மாஸ்கைக் கொடுத்திருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள், படுத்துக் காட்டி, நாசித்துளையில் அமர்வது, மூக்கை மூடுவது, வாயையும் மூக்கையும் மூடுவது என்ற மூன்று வகை மாஸ்கையும் உங்கள் அழுத்தத்தில் ஓடவிட்டு அளவு பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.