அரவான் எப்போது இறந்தான்: கூத்தா, புத்தகமா?

அர்ச்சுனன் மகன் அரவான் கூத்தில் போருக்கு முன்பே பலியாகிறான், புத்தகத்தில் போரில் சாகிறான்; எது சரி, பலியானவன் போரைப் பார்த்தது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. தண்டையார்பேட்டைத் திருவிழாக் கூத்தில் நீங்கள் பார்த்தது தமிழ் மரபு. அதில் போருக்கு முன்பே அரவான் களப்பலி, அதாவது வெற்றிக்காகப் போர்க்களத்தில் கொடுக்கும் பலி. உங்கள் புத்தகம் அநேகமாக வியாச பாரதத்தைத் தழுவியது. அங்கே பலியே கிடையாது, எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் சாகிறான்.

தமிழில் இது பழைய கதை. 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் பாரதத்திலேயே களப்பலி உண்டு, வில்லிபுத்தூராரும் பாடியிருக்கிறார். பலிக்கு முதலில் நாள் குறித்து வாங்கியவன் துரியோதனன், அமாவாசைக்கு. பாண்டவர் பலி முந்த வேண்டும் என்று கிருஷ்ணன் முந்தின நாளே தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்துவிடுகிறான். இதென்ன என்று கேட்கச் சூரியனும் சந்திரனும் சேர்ந்து வர, அதுவே அமாவாசை ஆகிவிடுகிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, பலியானவன் போரை எப்படிப் பார்த்தான்? அது அவன் கேட்ட வரம். பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் அரவான் சிலை இருந்தால் போய்ப் பாருங்கள். தலை மட்டும் இருக்கிறதா, கண் விழித்திருக்கிறதா என்று கவனியுங்கள். தலையாக இருந்தே பதினெட்டு நாள் போரையும் பார்த்தான் என்பார்கள்.

ஒன்று, வரத்தின் விவரம் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்க் கதையைக் கூத்து வாத்தியாரிடமே கேளுங்கள்.