சேர்வர் இரைச்சல்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கக் கணக்குப் பிரிவில், மேசைக்குக் கீழே டெல் ரவர் சேர்வர் ஒன்று இருக்கிறது. போன மாதம் அதற்குள் கடையில் வாங்கிய நெட்வேர்க் காட் ஒன்றைப் போட்டோம். அன்றிலிருந்து ஒரே இரைச்சல், தொலைபேசியில் பேசக்கூட முடியவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டலாமா?
– வாசகி, பரந்தன்

பதில்: பூட்ட வேண்டாம். சேர்வர் 150 வாற் இழுத்தால் அவ்வளவும் சூடாகவே வெளியே வரும். அலுமாரிக்குள் அந்தச் சூட்டையே திரும்ப இழுத்து ஃபான்கள் இன்னும் வேகமெடுக்கும்.

காரணம் அநேகமாக அந்தக் காட்தான். தனக்குப் பழக்கமில்லாத காட்டின் வெப்பநிலையை டெல் சேர்வரால் அறிய முடியாது. அதனால் ஃபானைக் கூட்டி வைத்துவிடும். காட்டைக் கழற்றி ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் இறங்கினால் டெல்லின் பட்டியலில் உள்ள காட்டுக்கு மாறுங்கள். ஃபானை 20 வீதத்தில் கட்டிவைக்கும் ஐபிஎம்ஐ (சேர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் முறை) கட்டளையை யாராவது சொல்லித்தருவார்கள். ஆனால் டெல் சேர்வருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பான ஐட்ராக் 9இன் புதிய ஃபேர்ம்வெயரில் (சிப்பின் உள் மென்பொருளில்) அது எடுபடாது. பழையதில் எடுபட்டாலும், ஏ.சி. இல்லாத அறையில் சித்திரை வெயிலுக்கு அது ஆபத்து.

காட்டைக் கழற்றியும் குறையாவிட்டால் தூசிதான். கச்சான் காற்றுக் காலத்தில் கிறவல் தூசி நிலத்தோடு இருக்கும் சேர்வருக்குள்தான் முதலில் போகும். மின்வயரைக் கழற்றி, வெளியே கொண்டுபோய் புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழன்றால் பெயாரிங் பழுதாகும். ஃபானைக் கழற்றாமல் ஊதுபவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: ஹீற்சிங்கின் (புரொசெசரின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகளின்) ஃபான் பக்க முகம். அங்கே தூசி கம்பளித்துண்டு போலப் படிந்திருக்கும். (பல்லி முட்டையும் கிடைக்கலாம்.) காற்றை வழிநடத்தும் பிளாஸ்ரிக் மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் காற்று புரொசெசரைச் சுற்றிப் போய்விடும்.

கடையில் விற்கும் சத்தமில்லாத 120 மி.மீ. ஃபானை மாட்ட வேண்டாம். பிளக் பொருந்தாது, பொருந்தினாலும் சேர்வர் அதன் குறைந்த சுற்றைப் பார்த்து, ஃபான் பழுது என்று நினைத்து, மற்றவற்றை முழு வேகத்தில் ஓடவிடும்.

ஃபானின் வேகம் பாதியானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் விழும். தூரத்தை இரட்டித்தால் திறந்த வெளியில்கூட 6 டெசிபெல்தான். ஆகவே இரண்டடி தள்ளி வைப்பதில் பலனில்லை; சுவருக்கு அப்பால் கொண்டுபோங்கள். கேற் 6 நெட்வேர்க் வயர் 100 மீற்றர் வரை தாங்கும். நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், றப்பர் விரிப்பின் மேல், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு வையுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்ததும் சேர்வர் பயங்கரமாக இரைகிறது. பழுதா?
– வாசகர், மாங்குளம்

பதில்: இல்லை. கட்டுப்பாட்டுச் சிப் விழிக்கும்வரை ஃபான்கள் முழு வேகத்தில் ஓடும். சில நிமிடங்களாகியும் அடங்காவிட்டால் முன்பக்க எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். ஒரு ஃபான் நின்றிருந்தாலும் மற்றவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும்.