அசலில் கட்டினால் இந்த நோய் வராதா?

கேள்வி: அக்கா மகனுக்கு 7 வயது. ஓடினால் விழுகிறான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறான். டுஷேன் தசைச்சிதைவு என்று சொல்லிவிட்டார்கள். அக்காவும் அத்தானும் சொந்தம் இல்லை. எனக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளையும் அசல்தான். “சொந்தத்துல கட்டலல்லா, உனக்கு ஒண்ணும் வராது” என்கிறாள் ஆச்சி. நம்பலாமா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: ஆச்சி சொல்வது வேறு பல நோய்களுக்கு ஓரளவு சரி, இதற்குச் சரியில்லை. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது, குடும்பத்தில் ஓடுகிற ஒரே பழுதான மரபணு அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வந்து ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிட வாய்ப்பு கூடுகிறது. தாலசீமியா அப்படி வருவதுதான். டுஷேனுக்கு இரண்டு பக்கம் தேவையில்லை, அம்மா பக்கம் மட்டும் போதும். அதனால் மாப்பிள்ளை அசலா சொந்தமா என்பதற்கு இதில் வேலையே இல்லை, அவருக்குச் சோதனையும் வேண்டாம்.

தசைக்கு வலுக்கொடுக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும், அவள் கேரியராக, அதாவது பழுதைச் சுமப்பவளாக மட்டும், நன்றாகவே நடமாடுவாள். பையனுக்கு இருப்பது ஒன்றுதான். கேரியரான தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் கேரியராக பாதி வாய்ப்பு.

அம்மா பக்கம் என்று நான் எழுதியதை வைத்து மாமியார் வீட்டில் யாரும் அக்காவைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இந்த மரபணு மிகப் பெரியது, எக்ஸான் எனப்படும் துண்டுகள் மட்டும் 79, அதனால் அதில் புதிதாகப் பழுது விழுவதும் அதிகம். இந்த நோய் உள்ள பையன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவனுக்கு, தாய் கேரியராக இல்லாமலே வருகிறது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில் உங்களுக்கு அல்ல, பையனுக்குத்தான் மரபணுச் சோதனை. எம்.எல்.பி.ஏ. என்று கேளுங்கள், மரபணுவில் துண்டுகள் விடுபட்டோ இரட்டித்தோ இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது, ரத்தம் கொடுத்தால் போதும், அதில் தெரியாவிட்டால் மரபணுவை முழுதாகப் படிக்கும் சோதனை இருக்கிறது. அவனிடம் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் அக்காவிடமும் உங்களிடமும் அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் சி.பி.கே. என்ற நொதியை மட்டும் பார்த்து ‘நார்மல், நீ கேரியர் இல்லை’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், கேரியர்கள் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவரிடம் பையனின் எல்லா ரிப்போர்ட்டையும் காட்டி, எந்த லேப், எங்கே அனுப்புவது என்று கேளுங்கள்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், குழந்தைக்கு முன் முடிவு கையில் இருந்தால் போதும். நீங்கள் கேரியர் என்று வந்தால், கர்ப்பமாகி 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவில் சோதித்துப் பார்க்கலாம். சிசுவின் பாலினம் பார்ப்பது குற்றம்தான், ஆனால் பாலினத்தோடு வரும் மரபு நோயைக் கண்டுபிடிக்க, பதிவு பெற்ற மையத்தில் சோதிப்பதை, பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் அதே 1994 சட்டமே அனுமதிக்கிறது. கேரியர் பெண்களுக்கு வயதாக ஆக இதயத் தசை பலவீனப்படலாம், அதனால் அவ்வப்போது எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், அக்கா கேரியர் என்றால் அவருக்கும் இது பொருந்தும்.

அப்புறம் பையனைப் பற்றி ஒன்று: எண்ணெய் தேய்த்து முறுக்கி விடுவதால் தசை திரும்பி வராது, நரம்பியல் மருத்துவர் ஸ்டீராய்டு எழுதினால் பயந்து நிறுத்தாதீர்கள், அது நடக்கும் காலத்தை நீட்டிக்கும். எந்த ஆபரேஷன் என்றாலும், சின்னதாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள், சில மயக்க மருந்துகள் இவனுக்கு ஆபத்து.